சிந்தாத நடை

கரிசல் காட்டுக்கு நடுவே உப்போடைப்பட்டி என்று ஓர் ஊர், அந்த ஊரில் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் உட்கார்ந்தவனுக்கெல்லாம் மூச்சு வாங்கியது, நடந்தவனுக்கெல்லாம் களைப்புத் தீர்ந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊர்க்காரர்களே கேட்கவில்லை, அவர்களுக்கு வேறு ஜோலி இருந்தது. முதலில் கண்டுகொண்டவன் டீக்கடைச் சீனியப்பன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மலையேறி வந்தவர்கள் மாதிரி வேர்த்து வடிய, பாய்லர் முன்னால் நின்ற தனக்கும் கைகால் வெடவெடக்க, சரி பாலாவது வாங்கி வருவோம் என்று தெருவில் இறங்கி நடந்தவனுக்கு நடக்க நடக்கத் தெம்பு ஊறியது. தூக்குச்சட்டியோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "எல்லாரும் எந்திரிங்கப்பா, டீ வேணுங்கிறவன் நடந்துக்கிட்டே குடி" என்று சொல்லிவிட்டான். பெஞ்சைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் போட்டதோடு அவனுக்கு அந்த விஷயம் முடிந்தது.

அந்த ஊர் எதையும் அப்படித்தான் வாங்கிக்கொள்ளும். தீப்பெட்டி ஆபீஸில் காலங்காலமாகச் சம்மணம் போட்டு, கட்டை என்கிற மரச்சட்டத்தில் குச்சி அடுக்கிய பெண்கள் அந்தக் கட்டையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குச்சி அடுக்கினார்கள், வாத்தியார் முன்னால் போகப் பிள்ளைகள் பின்னால் போய்க் கண்மாய்க்கரை நெடுக வாய்ப்பாடு சொன்னார்கள், சவரக்கடை முத்தையா பின்பக்கமாக நடந்துகொண்டே எதிரே நடந்து வருகிறவனுக்குச் சவரம் பண்ணினார், ஒருத்தன் காதும் போகவில்லை. கல்யாண மாப்பிள்ளை மணவறையைச் சுற்றி வந்தபடியே தாலி கட்டினான். சோறு ருசிக்கத்தான் செய்தது, உடம்பில்தான் ஒட்டவில்லை, அதனால் நாக்குக்குத் தின்றுவிட்டு உடம்புக்கு நடந்தார்கள். தூங்காமல் இருக்க முடியுமா, தூங்கினார்கள், மூட்டை சுமந்தவர்களாக முறிந்துபோய் எழுந்தார்கள், எழுந்த கையோடு தெருவில் இறங்கி வேப்பங்குச்சியும் வாயுமாக நடந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம் வந்தது. காளியம்மன் கோயிலில் அம்மன் உட்கார்ந்த கோலம். ஊரே எழுந்து நடக்கும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தால் என்னத்துக்கு ஆவாள் என்று பெண்களுக்குப் பொறுக்கவில்லை. உற்சவர் சிலையைச் சப்பரத்தில் வைத்துத் தூக்கினார்கள். தூக்கிப் போனால் அதுவும் உட்கார்ந்திருப்பதுதானே, தலையில் வைத்த மூட்டையும் உட்கார்ந்துதானே இருக்கிறது, அதனால்தானே மூட்டை சுமக்கிறவன் நடந்தும் இளைக்கிறான் என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் இரண்டு பேர் சிலையை இரண்டு பக்கமும் பிடித்து, நடை பழகுகிற பிள்ளையை நடத்துகிற மாதிரி, பீடம் தரையில் டொக்கு டொக்கென்று பட, தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனார்கள். அதற்கப்புறம்தான் ஊருக்கு நிம்மதி.

இனி தங்கபுஷ்பத்துக்கு வருவோம், கதை அவளுடையது. குழந்தையில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனவள் அவள். தொடையிலிருந்து பாதம்வரை கம்பி பிடித்த இரும்புச் செருப்பு போட்டிருப்பாள். முட்டி மடங்காது. இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுழற்றி எறிந்து, ஊன்றி, அப்புறம்தான் அடுத்த அடி. ஊரில் மற்றவர்கள் நாலு தெரு நடந்தால் ஆகிற செலவு அவளுக்கு ஒரு தெருவிலேயே ஆகிவிடும், தீப்பெட்டி ஆபீஸ் போய்ச் சேரும்போது ரவிக்கை நனைந்திருக்கும், மற்றவர்கள் பேச்சு சுவாரசியத்தில் வந்ததே தெரியாமல் வந்திருப்பார்கள். அதனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதற்கு எழுந்தாலும் ஒரே நடைதான். அடுப்படிக்குப் போகிறாள் என்றால் போவதற்கு முன்னால் உட்கார்ந்தபடியே யோசிப்பாள், கரண்டி, உப்பு, தண்ணீர்ச் செம்பு, ஈரத்துணி, எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு ஒரே நடையில் அள்ளி வருவாள். ஒன்று மறந்துவிட்டால் அது மறந்ததுதான், உப்பில்லாமலே சாப்பிட்டுவிடுவாள்.

வீட்டில் அம்மா சண்முகக்கனிக்கு இது திமிராகப் பட்டது. "விருந்தாளி வந்தாக்கூட எந்திரிக்க மாட்டா, மகாராணி" என்பாள். ஒரு அடிக்கு என்ன ஆகிறது என்று எடுத்துச் சொல்லப் புஷ்பத்துக்கு வாய் வராது. சொன்னாலும் எப்படிப் புரியும், அவர்களுக்கு நடை சும்மா கிடைத்த சாமான்.

தம்பி பாலகுருவுக்கு அது இன்னும் சும்மா கிடைத்தது. போலீஸ் வேலைக்கு ஓட்டம் பழகியவன், சுற்றுவட்டாரத்தில் அவனை ஓடி ஜெயித்தவன் கிடையாது. அவன் ஓடுவதைப் பார்த்தால் ஓடுகிறான் என்றே தோன்றாது, தலையில் நிறைகுடம் வைத்தாலும் ஒரு சொட்டுத் தளும்பாது, குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பு ரப்பராக இழுத்துக்கொண்டு, இந்த அடியில் போட்டதை அடுத்த அடியில் திருப்பி எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவன் அக்காவுக்குப் பத்தடி முன்னால்தான் போவான். மெதுவாக நடக்க வராததால்தான் என்று அவன் சொல்லுவான். நொண்டுகிற அவளை வைத்துக் கெந்திக்காலி தம்பி என்று பையன்கள் கூப்பிடுவார்கள், அதனால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவனுக்கு மிட்டாய் வாங்கி வைப்பாள், தம்பி ஆயிற்றே.

நடந்தால் தெம்பு ஊறும் காலம் வந்ததும் புஷ்பம் பொங்கிப் பூரித்துப்போனாள். எல்லோருக்கும் நடை திருப்பித் தந்தது, அவளுக்கு அள்ளி அள்ளித் தந்தது. கரண்டிக்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை, உப்பு எடுத்த டப்பாவை மூட மறந்தோமோ என்று பார்த்துவர ஒரு நடை, ஒன்றுமில்லாததற்கும் வாசலுக்கு ஒரு நடை. கன்னம் உருண்டது, கண் பளிச்சென்றது, இரும்புச் செருப்பு தெருவெல்லாம் சத்தம் போட்டது. முப்பது வயசில் முதன்முறையாக ஆபீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, இல்லை, போய் நடந்துகொண்டிருந்து, "என்னளா இவ்வளவு நேரம்" என்று மற்றவர்களைக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதில் அவளுக்கு அன்று முழுக்க சந்தோஷம் தாங்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா. யார் தேறுகிறார்கள், யார் தேறவில்லை என்று கவனித்துப் பார்த்தது. நிறைமாதக்காரிகள் தேறினார்கள், தள்ளாடுகிற குடிகாரர்கள் தேறினார்கள், எல்லோரையும் விடப் புஷ்பம் தேறினாள். சீனியப்பன்தான் அதையும் சொன்னான். "நம்ம நடக்கையில ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தெம்பைச் சிந்துதோம். சிந்துனதை ரோடு திருப்பித் தருது. கோணலா நடக்கிறவன் கூடச் சிந்துதான், கூட வாங்குதான். அவ்வளவுதான் விஷயம்."

அன்றைக்கே தெருப் பிள்ளைகள் புஷ்பம் மாதிரி காலை எறிந்து நடந்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது, சின்ன வயசில் அதே தெருவில் அதே மாதிரி அவள் பின்னால் நடந்து காட்டிச் சிரித்தவர்களின் பிள்ளைகள்தானே. ஆனால் மறுநாள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களும் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஆபீஸ் முதலாளியே வந்தார், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"ஏ புஷ்பம், இடுப்பை எப்பத் தூக்குத? கால் போறதுக்கு முந்தியா, போறப்பவேயா?" என்று கேட்டார் முதலாளி.

"முந்தித்தான் அண்ணாச்சி. கால் வந்துருமான்னு ஒரு சந்தேகம் இருக்கும்லா, அந்தச் சந்தேகத்தோடயே தூக்கணும்."

அவளை ஒருத்தரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. சொல்லிக் கொடுத்தாள். ஊரே நொண்டி நடந்தது, ஊருக்கே கன்னம் உருண்டது, ஆனால் இரண்டு நாள்தான். மனுஷ உடம்பு பொல்லாத கஞ்சன், எந்தக் கோணலைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு சிக்கனத்தைக் கண்டுபிடித்துவிடும். நொண்டி நொண்டியே சுலபமாக நடக்கப் பழகிவிட்டார்கள், சிந்துவது நின்றது, தெம்பும் நின்றது. பிறகு பின்பக்கமாக நடந்தார்கள், பக்கவாட்டில் நண்டு நடை நடந்தார்கள், குதிகாலால் மட்டும் நடந்தார்கள், ஒன்று பழகினால் இன்னொன்று, அது பழகினால் வேறொன்று, ஊரில் ஒரு மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே நடையை மாற்றிக்கொண்டார்கள். புஷ்பம் மட்டும் பழைய நடையே நடந்தாள். அவள் உடம்பு பிள்ளைப்பிராயம் தொட்டு எவ்வளவோ சிக்கனம் பண்ணிப் பார்த்தும் குறையாத செலவு அது.

இந்த ஆரவாரத்தில் பாலகுரு இளைப்பதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. அங்கேதான் அந்த ஊர் ஒரு தப்புப் பண்ணியது. ஓட்டக்காரன் இளைக்கிறான் என்றால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம், வேறென்ன என்று முடிவு கட்டி அவனை ஓடச் சொன்னார்கள். கண்மாயைச் சுற்றி அவன் ஓட, இரண்டு கரையிலும் ஊர் நடந்துகொண்டே கைதட்டியது, சண்முகக்கனி அழுதுகொண்டே "இன்னொரு சுத்து ஓடுய்யா" என்றாள். அவனும் ஓடினான். ஓட ஓட இன்னும் நேர்த்தியாக ஓடினான், ஒரு துளி சிந்தவில்லை, ரோடு ஒரு துளி தரவில்லை.

புஷ்பமும் கரையில் நடந்தபடி அதைப் பார்த்தாள். அன்று மாலை வீட்டு முற்றத்தில் அவனோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி நடந்தபடியே சொன்னாள்.

"குரு, ஓடாதடா. ஓடுனா செத்துப்போவ. கோணலா நட. நான் நடக்கிற மாதிரி நட."

"என்னால முடியாது."

"ஊரே நடந்துச்சு, உனக்கு என்ன?"

"ஊரு நடக்கும். அவங்களுக்கு அது வேடிக்கை. உன்னை மாதிரி நடக்கக் கூடாதுன்னுதானக்கா நான் ஓடவே பழகுனேன்."

சொன்ன பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அழுதால் நிற்கத் தோன்றும், நின்றால் செலவு, அதனால் புஷ்பம் நடந்துகொண்டே கண்ணைத் துடைத்தாள். தன் மேல் இவ்வளவு பயமா இவனுக்கு என்று அவளுக்குக் கோபமும் வந்தது, அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

உயிர் பயம் வந்த பிறகு பாலகுரு எல்லாவற்றையும் முயன்று பார்த்தான், அவமானத்தை விழுங்கிக்கொண்டு அக்கா நடையும் நடந்தான். தெருமுனை திரும்புவதற்குள் அது அழகாகிவிட்டது. பின்பக்க நடை அரைத் தெருவில் அழகானது. வேகமாகக் கற்றுக்கொள்வதற்கென்றே பழக்கப்படுத்திய உடம்பு, வேண்டாம் என்றால் கேட்குமா. ஒரு நாள் காலையில் சீனியப்பன் கடை முன்னால் கால் மடங்கி விழுந்தான். விழுந்து கிடப்பதே அவனைத் தின்றுகொண்டிருந்தது, உடம்பு கொதித்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அம்மனைச் சப்பரத்தில் தூக்கிய கதைதான், பிரயோஜனம் இல்லை. சண்முகக்கனி மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு தன் மகனைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"இறக்குங்க அவனை. நிமித்திப் பிடிங்க." தோளில் கிடந்த தாவணித் துண்டை உருவினாள். "குரு, முழிச்சுப் பாரு. மூணுகால் ஓட்டம் ஓடுவோமாடா?"

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் இரண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற அந்தப் போட்டிக்கு வருஷா வருஷம் எல்லோரும் ஜோடி சேருவார்கள். புஷ்பத்தை யாரும் சேர்க்க மாட்டார்கள், அவள் தண்ணீர்ப் பானைக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள். பாலகுருவுக்கு அது ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் திறந்தான். அவள் தன் இரும்புக் காலோடு அவன் இடது காலைச் சேர்த்து வைத்து, கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அவன் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தூக்கு" என்றாள்.

முதல் அடியில் இரண்டு பேரும் விழுந்தார்கள். இரண்டாவதிலும் விழுந்தார்கள். அப்புறம் விழாமல் தடுமாறினார்கள். அவன் உடம்பு பழைய கெட்டிக்காரத்தனத்தில் அந்த நடைக்கு ஒரு தாளம் தேடியது. இரும்புக் காலோ ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு இடத்தில் போய் விழுந்தது, கல் கிடந்தால் ஒரு மாதிரி, மணல் என்றால் ஒரு மாதிரி, காற்றடித்தால் வேறு மாதிரி, விழப்போகிற இடம் காலுக்குச் சொந்தக்காரிக்கே தெரியாதபோது கட்டி வைத்தவனுக்கு எப்படித் தெரியும். கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் அவன் உடம்பு வாழ்க்கையில் முதல்முறையாகச் சிந்தியது. இடுப்பால் சிந்தியது, தோளால் சிந்தியது, முதுகெல்லாம் சிந்தியது. ஓடைப் பாலத்தை எட்டும்போது வெளுத்திருந்த அவன் உதட்டில் சிவப்பு திரும்பியது. ஊர் பின்னால் வந்துகொண்டிருந்தது, யாரும் கைதட்டவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கட்டிய கால் கட்டியபடி நடந்தார்கள், ஆபீஸுக்குச் சேர்ந்து போனார்கள், காளியம்மனுக்குப் பின்னால் சேர்ந்து போனார்கள், கண்மாய்க்கரையில் சேர்ந்து போனார்கள். அந்தக் கட்டு வழியாக அவளுடைய ஒவ்வொரு அடியும் அவன் இடுப்பில் ஏறியது. கால் எழும்புவதற்கு முன்னால் வருகிற அந்தச் சந்தேகம்கூட ஏறியது.

"அக்கா, தெனமும் இப்படித்தானா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"பின்னே?"

"ஸ்கூலுக்குப் போறப்பவும்?"

"அப்ப இன்னும் மோசம். அந்தச் செருப்பு கனம். நீ முன்னால போயிருவ, உன்னைப் பிடிக்கணும்னு வேற வருவேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அவள் பார்க்காத மாதிரி வந்தாள்.

மாசி கழிந்த ஒரு மத்தியானம் பாலத்துக்கிட்டே கல் தடுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். விழுந்தது வழக்கம்தான், எழுந்திருக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் உடம்பில் இல்லை. கொஞ்ச நேரம் கிடந்தார்கள். மூச்சு வாங்கவில்லை. கிடக்கக் கிடக்கச் சுகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் சீனியப்பன் பெஞ்சைத் தூக்கி வந்து முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறான். தெருவில் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள், நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள், அம்மனைப் பிடித்து நடந்தவர்கள் அவளையும் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் அத்தனை பேர் அப்பாடா என்று சொன்னதை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

புஷ்பம் மட்டும் சொல்லவில்லை. ஊருக்கு விட்டது, தனக்கு மறுபடி பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். இரும்புக் காலை லேசாக அசைத்துப் பார்த்தாள். பழைய கனம் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. இந்த உருண்ட கன்னம் இனி எத்தனை நாளைக்கு என்று நினைத்தாள், துக்கமாக இருந்தது.

"அவுத்துக்கோடா. இனி உனக்குக் கட்டு வேண்டாம்" என்றாள்.

"வீடு வரைக்கும் இருக்கட்டும்."

"முன்ன மாதிரி இல்லடா, இப்ப நடந்தா இளைக்கும்."

"இளைக்கட்டும்."

வீடு வருவதற்குள் அந்த ஓட்டக்காரனுக்கு நுரை தள்ளியது. இரண்டு இடத்தில் நின்றான். ஒரு இடத்தில், "மெதுவாப் போக்கா" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்த வார்த்தையை அவள்தான் அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அலுத்தவள்.

வாசலில் கட்டை அவிழ்த்தார்கள். சண்முகக்கனி வெகு நாளைக்கப்புறம் உட்கார வைத்துச் சோறு போட்டாள். முதல் கவளம் உள்ளே போய் உடம்பில் ஒட்டுவது இரண்டு பேருக்கும் தெரிந்தது. குழம்பில் உப்புக் குறைவு. புஷ்பம் உப்பு டப்பா இருக்கும் அடுப்படியைப் பார்த்தாள், எத்தனை அடி என்று கண்ணாலே அளந்தாள், பிறகு பேசாமல் அடுத்த கவளத்தை உருட்டினாள். இதையெல்லாம் பாலகுரு பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பா?" என்று எழுந்தான்.

"இருடா, எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, வேற என்னென்ன வேணும்னு யோசிச்சுச் சொல்லிருதேன். ஒரே நடையா எடுத்தாந்துரு."

"யோசிக்காதக்கா. ஞாபகம் வர வர ஒண்ணொண்ணாச் சொல்லு."

உப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் நன்றாகச் சம்மணம் போட்டு உட்காரும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் என்றாள். எழுந்து போய்க் கொண்டுவந்தான். அவன் சோற்றில் கை வைத்ததும், கரண்டி என்றாள். போனான். கரண்டி அவளுக்குத் தேவையே இல்லை. "என்னளா, அவனைச் சாப்பிட விடாம" என்று சண்முகக்கனி வாயெடுத்தவள், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அடுப்படியிலிருந்து அவன் சத்தமில்லாத காலோடு வருவதைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் நீர் முட்ட, இனி என்ன கேட்கலாம் என்று தங்கபுஷ்பம் யோசித்தாள்.

"ஊறுகாய்" என்றாள்.

அவன் பாதி வழியிலேயே திரும்பிப் போனான்.